பாவிலா, ஊடையிலா

துணி கிழிபடும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதுகு சிலிர்க்கும். போன வாரம் தல்லாகுளத்தில் ஒரு ஜவுளிக்கடை. மகளுக்குப் பள்ளிச் சீருடைத் துணி எடுக்கப் போயிருந்தோம். கடைக்காரர் அளந்தார், ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைத்தார், இரண்டு கைகளாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சர்ர்ரென்று அந்தச் சத்தம் கடை முழுக்க ஓடி, அடுக்கிவைத்த துணிக்கட்டுகளுக்குள் போய் அடங்கியது. நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"ஒன்னுமில்லம்மா."

ஒன்றுமில்லை என்று சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு.

அந்தச் சத்தத்தின் பின்னாலேயே இரண்டு கைகள் வரும். நரம்பு புடைத்த, வெளிறிய கைகள். பகலெல்லாம் கண்ணாடிக்கு அடியில் எரியும் டியூப்லைட் வெளிச்சத்தில் கிடந்து கிடந்து நிறம் இழந்த கைகள். பிறகு கழுத்து, கழுத்தில் மஞ்சள் கயிறு, கயிற்றில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசி, ஊசியில் எப்போதும் கோத்திருக்கும் சிவப்பு நூல். முகம் கடைசியில்தான் வரும். பெரும்பாலும் அதை நான் வரவிடுவதில்லை.

செல்லூரில் ஒரு மாடியறையில் நான் வாடகைக்கு இருந்த நாட்கள் அவை. முப்பதைத் தாண்டியிருந்தேன், கல்யாணம் ஆகவில்லை. தல்லாகுளத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் தட்டச்சு செய்கிற வேலை. காலையில் விசைத்தறிகளின் இரைச்சலில் எழுந்து, சாயங்காலம் அதே இரைச்சலுக்குத் திரும்புவேன். அந்தச் சந்தில் சுவர்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர்க்குடத்தில் தண்ணீர் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். அங்கே யாரும் மெல்லப் பேசுவதில்லை. காதலிப்பவர்கள்கூடக் கத்தித்தான் காதலித்திருப்பார்கள்.

அவள் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அக்கா என்று கூப்பிடுவேன். தறிக்கூடத்தில் நெய்து வரும் துணியில் குறை இருக்கிறதா என்று பார்த்து, சரியானதைத் தேற்றி அனுப்புவது அவள் வேலை. சாய்வான கண்ணாடி மேஜை, அடியில் விளக்கு, ஒரு பக்க உருளையிலிருந்து மறுபக்க உருளைக்குத் துணி ஓடும். இடது கை இழுக்கும். வலது உள்ளங்கை துணிக்கு ஒரு விரற்கடை மேலே, தொடாமல், குழந்தையின் நெற்றிச்சூடு பார்க்கிற மாதிரி மிதந்துகொண்டே போகும். குறை கண்ட இடத்தில் கை நிற்கும். கரையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு.

மற்ற பெண்கள் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த கெஜத்துக்குப் போய்விடுவார்கள். இவள் போகமாட்டாள். உருளையைப் பின்னோக்கிச் சுற்றுவாள். சரியென்று தேற்றி அனுப்பிய பத்து மீட்டரை மறுபடியும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவாள்.

"ரெண்டாவது எங்க?" என்பாள், துணியிடமே.

ஒருநாள் எனக்கு விளக்கினாள். துணியில் நீளவாக்கில் ஓடுகிற இழை பாவு. குறுக்கே போகிறது ஊடை. ஊடையில் குறை என்றால் அது அந்த இடத்தோடு போச்சு. ஒரு கோடு, ஒரு நைப்பு, வெட்டி எடுத்துவிட்டால் மீதித் துணி தங்கம். பாவில் குறை என்றால் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரிவது ஒரு இடத்தில்தான். ஆனால் அந்த இழை தலைப்பிலிருந்து கடைசிவரை ஓடுகிறது. இன்றைக்கு இங்கே நைந்தது நாளைக்கு அங்கே நையும்.

"ஒத்தக் கொற பாத்தவொடனே முடிச்சப் போட்டுட்டுப் போறவ சம்பளத்துக்குப் பாக்குறவ. பாவா ஊடையான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காதுடா."

பாவுதான் என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு இரக்கம் கிடையாது. ஓரத்தில் ஒரு வெட்டு, ஒரு இழுப்பு, சர்ர்ர். அந்தத் துண்டு முழுவதும் இரண்டாம் தரக் குவியலில் போய் விழும். முதலாளி வந்து தலையில் அடித்துக்கொள்வார். "ஏம்மா, நீ எனக்கு வேல பாக்குறியா, வாங்குற கடைக்காரனுக்கு வேல பாக்குறியா?" அவள் நிமிரமாட்டாள். கை மிதந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பழக்கத்தை அவள் வேலை முடிந்ததும் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. கத்தரிக்காய்க் கடையில் ஒரு காயில் புழுத்துளை கண்டால் கூடையையே கவிழ்ப்பாள். என் சட்டையில் ஒருமுறை பொத்தான் தொங்கியது. தைத்துத் தருகிறேன் என்று கூப்பிட்டு, தைப்பதற்கு முன் மற்ற பொத்தான்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சுண்டிச் சுண்டிப் பார்த்தாள். நன்றாக இருந்த இரண்டு பொத்தான்கள் கையோடு வந்துவிட்டன.

"பாத்தியா? இதுக ரெண்டும் நாளைக்கு பஸ்ல விழுந்திருக்கும்."

"நீ இழுக்காம இருந்திருந்தா விழுந்திருக்காதுக்கா."

"போடா, படிச்ச முட்டாள்."

இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். எல்லோராலும் சிரிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை முன்பு ஒரு வேலையை விட்டுவிட்டான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அக்கா கிளம்பிவிட்டாள். அவன் ஊருக்கே போய், டீக்கடையில் உட்கார்ந்து, அவன் எதனால் வேலையை விட்டான், அதற்கு முந்தைய வேலையை எதனால் விட்டான், அவன் அப்பா எதனால் விட்டார் என்று மூன்று தலைமுறையைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். கல்யாணம் நின்றது. அந்தப் பெண்ணின் அம்மா குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு மண்ணை வாரித் தூற்றினாள். "நீ பெத்திருந்தாத் தெரியும்டி!" அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அன்று முழுவதும் அவள் வீட்டில் விளக்குப் போடவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

எனக்கு அவள்மேல் பாசம் இருந்தது. பயமும் இருந்தது. அவள் பார்வை என்மேல் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றால், என்னில் எது நைந்திருக்கிறது என்று நானே தேட ஆரம்பித்துவிடுவேன்.

இந்தப் பார்வைக்குக் கீழேயே இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய மனிதரைச் சொல்லவேண்டும். அவள் புருஷன். தறி ஓட்டுகிறவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். நெட்டையான, சதையே இல்லாத ஆள். காதில் பீடி செருகியிருக்கும். தறிச் சத்தத்தில் காது மந்தம், அதனால் எதைச் சொன்னாலும் சந்து முழுக்கக் கேட்கும்.

"ஊர்ல உள்ள பொண்டாட்டி எல்லாம் ரெண்டாவது இல்லையேன்னு நிம்மதியா இருப்பாளுக மாப்ள. ஏம் பொண்டாட்டி ஒருத்திதான் ரெண்டாவது எங்க, ரெண்டாவது எங்கன்னு தேடிக்கிட்டே அலையிறா!"

உள்ளேயிருந்து பதில் வரும்: "மொதலே தேறல. இதுல ரெண்டாவது வேறயா."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் காலி டீ கிளாஸை வைத்துக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, வித்த ஒன்னு காட்டுறேன் வா." கிளாஸ் துள்ளியது. தறி ஓடாத நாள். சுவர் நடுங்கவில்லை, தரை நடுங்கவில்லை. அவர் வயிற்றின்மேல் கிளாஸ் மட்டும் தாளம் தப்பாமல் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஒடம்புக்குள்ளயும் ஒரு தறி ஓடுது பாத்தியா!"

நான் சிரித்தேன். அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கிளாஸைப் பார்த்தாள். குனிந்து அதை எடுத்துவிட்டு, வயிற்றுக்கு ஒரு விரற்கடை மேலே உள்ளங்கையை நிறுத்தினாள். பிறகு மெதுவாக இறக்கினாள். கை நின்றது. அந்தக் கை அப்படி நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"எத்தன நாளா?"

"கெடக்கு போ. ஆறு மாசமா இருக்கும்."

"ஆறு மாசமா வித்த காட்டிக்கிட்டு இருந்தியா?"

மறுநாள் எங்கள் சென்டருக்குக் கூட்டிவந்தாள். ஸ்கேனில் தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பி முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய், வயிற்றுக்குள் ஓரிடத்தில் சுவர் நைந்து, சைக்கிள் டியூப் புடைக்கிற மாதிரிப் புடைத்திருந்தது. வெடித்தால் ஆள் இல்லை. டாக்டர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தினமும் யாரோ ஒருவரின் உடம்பை இப்படித் தட்டுகிறவன்தான். அன்று விரல்கள் மூன்று முறை தப்பு எழுத்தில் விழுந்தன.

ஆஸ்பத்திரியில் அறுவை செய்யும் டாக்டர் இளைஞர். பொறுமைசாலி. கட்டிலில் மாமா, பக்கத்தில் அக்கா, டாக்டர் சொல்வது புரியாவிட்டால் விளக்குவதற்கு நான். டாக்டர் கையில் ஒரு மாதிரிக் குழாய் இருந்தது. வெள்ளையாய், மடிப்பு மடிப்பாய்.

"வீங்கின இடத்துக்குப் பதிலா இதத்தான்மா உள்ள வச்சுத் தைப்போம். பாலியெஸ்டர்ல நெய்தது."

நெய்தது என்று கேட்டதும் அவள் எழுந்துவிட்டாள். அதை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே விரலை விட்டுத் திருப்பினாள். கட்டைவிரலால் உரசினாள்.

"நெருக்கமாத்தான் அடிச்சிருக்கான். வெரல்ல இழை தட்டல. எந்த ஊருத் தறிங்கய்யா?"

"வெளிநாடும்மா."

"ஏ, நீ வேட்டி எடுக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்று கட்டிலில் இருந்து மாமா கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது.

அவள் காதில் வாங்கவில்லை. "இதத் தைக்கிறதுக்கு மேலயும் கீழயும் எம்புட்டுத் தூரம் நல்ல துணி இருக்குன்னு பாத்துட்டீங்களா?"

டாக்டர் அவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அதத்தான்மா மொதல்ல பாப்போம். இருக்கு."

"அப்ப ஒன்னு சொல்லுங்க. இந்தக் கோளாறு பாவுலயா, ஊடையிலயா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். நீளவாக்கு இழை, குறுக்கு இழை, ஓரிடத்தோடு போகிற குறை, முழுக்க ஓடுகிற குறை. அவர் அந்தக் குழாயை அவளிடமிருந்து வாங்கி, மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்தார்.

"எங்க ஆளுகளே இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான்மா இருக்காங்க. ஒடம்பு பூரா ரத்தக்குழாயில கொழுப்பு படிஞ்சு கெட்டுப்போகுதுல்ல, அதுல ஒரு பகுதிதான் இதுன்னு ஒரு கட்சி. பீடி குடிக்கிறவங்களுக்கு, பிரஷர் உள்ளவங்களுக்குத்தான ஜாஸ்தி வருது, கூடவே இதய அடைப்பும் இருக்கேன்னு சொல்லுவாங்க. அப்படின்னா சர்க்கரை உள்ளவங்களுக்கு இன்னும் கூட வரணும்ல, அவங்களுக்குக் கொறச்சலால்ல வருதுன்னு இன்னொரு கட்சி கேக்கும். சில பேருக்குக் குழாயோட சுவரே நைஞ்சு போற வாகுல இருக்கும்பாங்க. அப்படி இருந்தா நெஞ்சுல வரலாம், முட்டிக்குப் பின்னாடி வரலாம், கூடப் பெறந்தவங்களுக்கும் வரலாம். வயித்துல மட்டும் வந்து அதோட நின்னுபோன ஆளுகளும் நெறயப் பேர்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. தெரியாததால பாவுன்னு நெனச்சுத்தான் பாப்பேன். ஆபரேசன் முடிஞ்சு தேறட்டும். நெஞ்சு, காலு எல்லாத்தையும் ஒருக்கா படம் எடுத்துப் பாத்துருவோம்."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அன்று அழுவாள் என்று நினைத்தேன். "இந்தாளு துணி பாக்கத் தெரிஞ்சவருடா," என்றாள்.

அறுவை நன்றாக முடிந்தது. மாமா இருபது நாளில் எழுந்து உட்கார்ந்து, முப்பதாவது நாளில் பீடி கேட்டார். ஆனால் அவளுக்கு அது முடிந்துபோன விஷயமாக இல்லை, அவள் தேடல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. முதலில் மாமாவின் அண்ணனைப் பிடித்தாள். கூடப்பிறந்தவர் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. அவர் வைகைக்கு அந்தப் பக்கம் மரக்கடையில் வேலை பார்த்தார். கடைக்கே போய் நின்றாள்.

"என் தம்பி வயித்த அறுத்தது பத்தாதுன்னு இப்ப என் வயித்துக்கு வந்திருக்கியா?"

"அறுக்கல மாமா. பாக்குறதுதான். படுத்து எந்திரிச்சா முடிஞ்சுபோச்சு."

"ஏம்த்தா, ஒரு வீட்டுல ஒருத்தனுக்கு மூலம் வந்தா தெருவே குனிஞ்சு நிக்கணுமா?"

மரக்கடையே சிரித்தது. அவள் நகரவில்லை. மூன்று நாள் போய் நின்றாள். நான்காம் நாள் அவர் வந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. "பாத்தியா, தங்கமான வயிறு!" என்று சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவள் முகத்தில் நிம்மதி தெரியும் என்று பார்த்தேன். அங்கே இருந்தது யோசனை. ஒருபக்கம் பாவு இல்லை என்று ஆகிறது. அப்படியென்றால் ஊடைதானா?

அதற்குள் மாமா மாறிக்கொண்டிருந்தார். ராத்திரி அவர் தூங்கிய பிறகு அவள் முட்டிக்குப் பின்னால் தொட்டுப் பார்க்கிறாள் என்று என்னிடம் சொன்னார். கழுத்தில் விரல் வைக்கிறாள். இருமினால் அடுப்படியிலிருந்து ஓடிவருகிறாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் சந்து முனையில் வந்து நின்று, தூரத்திலிருந்தே, அந்தக் கையை மிதக்கவிடுகிற மாதிரிப் பார்க்கிறாள்.

"நான் இப்ப மனுசன் இல்ல மாப்ள. மேசையில கெடக்குற பீஸு."

மூன்று மாதம் கழித்து நெஞ்சுக்கும் காலுக்கும் படம் எடுக்க எங்கள் சென்டருக்கே வந்தார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று கரண்டு இல்லை. ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. எங்கள் டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார், நான் தட்டினேன். வயிற்றில் வைத்த குழாய் சரியாக இருக்கிறது. கால் ரத்தக்குழாய்கள் இயல்பு. பிறகு நெஞ்சு. நெஞ்சுக்குள் அதே பெரிய குழாய் அகன்றிருந்தது. வயிற்றில் இருந்த அளவுக்கு இல்லை. இப்போது வெட்டவேண்டியதில்லை. ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கவேண்டும், ரத்த அழுத்தம் ஏறக்கூடாது, பீடியைத் தொடவே கூடாது. மாமாவை உள்ளே கூப்பிட்டு டாக்டர் இதையே சொன்னார். அவர் தலையாட்டினார். டாக்டர் அடுத்த நோயாளிக்குப் போனதும் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

ரகசியம் பேசத் தெரியாத மனிதர். கெஞ்சலும் சத்தமாகவே வந்தது. ஜெனரேட்டர் இல்லாவிட்டால் பெஞ்சுக்குக் கேட்டிருக்கும்.

"அவட்ட சொல்லாத மாப்ள."

"எப்படி மாமா?"

"இப்ப வெட்ட வேணாம்னுதான சொல்றாரு? சொல்லி என்ன ஆகப்போகுது? என்னய பூராவும் பிரிச்சுப் போட்டுருவா. நான் ஒரு ஆறு மாசம் மனுசனா இருந்துக்கிறேன். ஆறாம் மாசம் நீயும் நானும் வந்து பாத்துக்குவோம். சத்தியமா. உன் கால்ல வேணும்னாலும்..."

அவர் குனியப் போனார். நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். தோள் எலும்பு மட்டும் கையில் இருந்தது.

வெளியே போனேன். ரிப்போர்ட் இங்கிலீஷில். அவள் பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

"வெரல வச்சு வாசி," என்றாள்.

அப்படித்தான் அவளுக்கு வாசிக்கவேண்டும். சந்தில் யார் ரிப்போர்ட் கொண்டுவந்தாலும் நான் மேலோட்டமாகப் பார்த்து, நல்லா இருக்கு, டாக்டரைப் பாருங்க என்பேன். அவளிடம் அது செல்லாது. வரிக்கு வரி விரல் போகவேண்டும். அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், விரலைப் பார்ப்பாள். விரல் தாண்டினால் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பாள்.

வயிறு என்றிருந்த வரிகளில் விரல் வைத்தேன். வச்ச குழாய் சரியா இருக்குக்கா. கால் என்றிருந்த வரிகள். நல்லா இருக்குக்கா, ரெண்டு காலும்.

"நெஞ்சு?"

நெஞ்சு என்று போட்டிருந்த இடத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். அங்கே ஐந்து வரி இருந்தது. ஐந்து வரியிலும் விரல் மெதுவாக, ஒரு சொல்லையும் தாண்டாமல் ஊர்ந்தது. வாய் வேறு சொல்லிக்கொண்டிருந்தது. நெஞ்சுல மேல வளைவு, நல்லா இருக்கு. கீழ எறங்குற குழாய், நல்லா இருக்கு. சுவர், நல்லா இருக்கு. இழை அறுபடாமல், பிசிறு தட்டாமல் சொன்னேன். அவள் கண் என் விரலோடு வந்தது. கடைசி வரியில் விரல் நின்றதும் பெருமூச்சு விட்டாள். அவள் அப்படி மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.

"அப்ப ஊடைதான்," என்றாள். "ஊடைதான்டா. வெட்டி எடுத்தாச்சு." கதவருகே நின்ற மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். "வாய்யா. டீ வாங்கித் தா."

அறுவை செய்த டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்ட நானும் மாமாவும்தான் போனோம். அவளுக்கு அன்று கூடத்தில் சரக்கு அனுப்புகிற நாள், அந்த நாளாகப் பார்த்துப் போனோம். அவரும் ஆறு மாதம் என்றுதான் சொன்னார். அவளிடம் ஒரு வருஷம் என்று சொன்னோம். வயிற்றில் வைத்த குழாயை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்று அவளுக்கு முன்பே தெரியும், அதனால் நம்பினாள்.

அந்த மாதங்களைப் பற்றி என்ன சொல்ல. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு மாலையில் அவர்கள் இருவரும் சினிமாவுக்குப் போனதைப் பார்த்தேன். அவள் தலையில் கனகாம்பரம். அவள் அவருக்கு முன்னால் நடந்தாள், திரும்பியே பார்க்காமல். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நல்லதுதானே செய்தோம் என்று அன்று தூங்கினேன். காதில் திரும்பப் பீடி ஏறியிருந்ததையும் பார்த்தேன்.

ஆறாம் மாதம் வந்தது. டீக்கடையில் வைத்துச் சொன்னேன்.

"தீவாளி சரக்கு ஓடிக்கிட்டிருக்கு மாப்ள. முடியட்டும்."

இன்னொரு முறை சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவர் தள்ளிப்போட்டபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி ஓடியது, அதுதான் உண்மை. திரும்பப் படம் எடுத்தால் அதையும் நான்தான் தட்டவேண்டும், அதையும் விரல் வைத்து வாசிக்கவேண்டும். அவளிடம் சொல்லியிருந்தால், ஆறு மாதம் முடிந்த மறுநாள் காலையில் அவரைத் தூக்கிக்கொண்டாவது வந்திருப்பாள். வருஷம் என்று சொல்லிவிட்டோம். அவள் வருஷத்துக்காகக் காத்திருந்தாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோவில் அவள் மடியில் தலை. பாலத்தில் வண்டிகள் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. கீழே வைகையில் தண்ணீர் இல்லை, மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பாலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னாள். "கைக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆட்டோக்காரன்ட்ட சொல்லல. பாவம், அவன் ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்."

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அறுவை செய்த அதே டாக்டர் அவள் முன்னால் நின்றிருந்தார்.

"நாங்க வச்சது அப்படியே இருக்கும்மா. இது வேற எடம். மேல. நெஞ்சுல."

"நெஞ்சு நல்லாருந்துச்சே," என்றாள் அவள். "பாத்தோமே. வரி வரியா பாத்தோமே."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வார்டிலிருந்து யாரோ ஓடிவந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குப் போனாள். கண்ணாடி மேஜை, அடியில் விளக்கு, மிதக்கும் கை. ஆனால் உருளை முன்னோக்கி நகரவில்லை. ஒரு மீட்டரைப் பார்த்துவிட்டுப் பின்னால் சுற்றினாள், திரும்பப் பார்த்தாள், திரும்பச் சுற்றினாள். நல்ல துணியில் முடிச்சுப் போட்டாள். முடிச்சை அவிழ்த்தாள். பக்கத்து மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டு, "இங்க ஏதாச்சும் தெரியுதாடி?" என்று கேட்டாள். யாரிடமும் ஒருநாளும் கேட்டறியாதவள். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த முதலாளி, "நீ கொஞ்ச நாள் மடிப்பு மட்டும் மடி தாயி," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை.

சோழவந்தானில் அவளுடைய தங்கை இருந்தாள். வெற்றிலைக் கொடிக்கால் வேலை. அங்கே போகிறேன் என்றாள். அவளுடைய பெட்டியையும் பாத்திர மூட்டையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நான் போனேன்.

"வெத்தலையில சொத்தை பாத்து, தரம் பிரிச்சு அடுக்கணுமாம். அதுக்கு மட்டும் வரமாட்டேன்னு சொல்லிப்புட்டேன். அடுக்கிக் குடுத்தா வாழநார் போட்டுக் கட்டுறேன், அம்புட்டுதான்."

சோழவந்தான் பஸ் நின்றிருந்தது. மூட்டையை ஏற்றி வைத்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கழுத்தில் கயிறு இல்லை, ஊசியும் இல்லை. முகத்தை அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்தேன். ஒரு பக்கக் கன்னம் வெயிலில் இருந்தது. கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பழைய பார்வை, கூடுதல் நேரம் நிற்கிற பார்வை, ஆனால் தடுமாறிக்கொண்டு.

"ஒன்னு கேட்டாக் கோவிக்கமாட்டியே?"

"கேளுக்கா."

"அன்னைக்கு நெஞ்சுன்னு இருந்த எடத்துல வெரல வச்சுத்தான வாசிச்ச?"

"ஆமாக்கா."

"எழுதியிருந்தத அப்படியேதான வாசிச்ச?"

டிரைவர் ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினார். ஜன்னல் கம்பி நடுங்கியது. அதைப் பிடித்திருந்த அவள் விரல்களும் நடுங்கின. ஐந்து வரி எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் மனப்பாடம். சொல்லியிருக்கலாம். பஸ் நகர்வதற்குள் சொல்லி முடிக்கிற அளவுதான் இருந்தது.

"அப்படியேதான்க்கா வாசிச்சேன்."

அவள் தலையாட்டினாள்.

"இத்தன நாளா உன்னயத்தான்டா சந்தேகப்பட்டுக்கிட்டு கெடந்தேன். மனசுல வச்சுக்காத. என் கண்ணுதான் போயிருச்சு. வாரேன்."